பதில் சொல்ல மறந்த பதினேழு

மே 6, 1993. வியாழன்

மழை இன்னும் வரவில்லை. ஊரே விதை மூட்டையை அவிழ்க்காமல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நான் பாக்டீரியா பாக்கெட் போட்டுக்கொண்டிருக்கிறேன். கரிமண்ணைப் பிசைந்து, அதில் ரைசோபியத்தை, வேரில் முடிச்சு கட்டிப் பயிருக்குத் தழைச்சத்து ஊட்டும் பாக்டீரியாவை, ஊற்றிக் கலந்து, உறையில் அடைத்து ஒட்ட வேண்டும். முப்பத்துநாலு பண்ணைக்கும் நான் ஒருவன்தான். எங்கள் விவசாய ஆராய்ச்சி நிலையத்தின் பாக்டீரியா ரகத்துக்குப் பெயர் கிடையாது, எண்தான்: பதினேழு. இருபது வருடமாக நானும் அதுவும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறோம். என் மனைவி டார்லீன் என்னோடு இருந்தது பதினாறு வருடம்.

மதியம் நோலா வந்தாள், மகன் ஷேனோடு. புருஷன் ஆர்த்தர் இறந்ததிலிருந்து பண்ணையை அவள்தான் பார்க்கிறாள். போன வருடம் முதல் முறையாக விதைப்பை ஷேனிடம் கொடுத்தாள். புதிதாகத் திருத்திய மணல் வயல், ஆட்டுத் தீவனத்துக்குக் குளோவர் போட்டான். ஜூலையில் வயல் முழுக்க வெளிறி மஞ்சளாகிவிட்டது. நான்தான் போய்ப் பார்த்து, “பாக்கெட் கலந்த விதையில வெயில் பட்டிருக்கும், பாக்டீரியா செத்திருக்கும்” என்று சொன்னேன். பத்தில் ஒன்பது பண்ணையில் அதுதான் காரணம்.

“கெல், இந்தத் தடவையும் வண்டி பின்னால போட்டு வறுத்து எடுக்கப்போறான். நீயே நாலு வார்த்தை சொல்லு. என் பேச்சு எங்க ஏறுது?” என்றாள் நோலா.

“போன வருஷமும் நான் வறுக்கலம்மா.”

“அப்ப அது தானா வெந்துச்சாக்கும்.”

ஷேன் நீல நிற ஐஸ் பெட்டி ஒன்று கொண்டுவந்திருந்தான். மூடியின் கீல் உடைந்து, வைக்கோல் கட்டும் கயிற்றால் கட்டியிருந்தது. உள்ளே நனைத்த சாக்கு. பாக்கெட்டுகளை அதற்குள் ஒவ்வொன்றாக வைத்து மூடி, பெட்டியைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு போனான். இருபத்தாறு வயது ஆண்பிள்ளை. சிரிப்பு வந்தது, சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் ஒன்பது விரல். எதிரே வருகிறவன் ஸ்டியரிங்கை விடாமல் ஒரு விரலைத் தூக்குவான், நானும் தூக்குவேன். சில நாள் நான் மனிதர்களோடு பேசியது அவ்வளவுதான்.

மே 15, சனி

மைதானத்தில் ஃபுட்பால், பந்தைக் கையிலும் எடுத்து ஓடுகிற எங்கள் ஊர் ஆட்டம். எல்லோரையும் போல வேலியோரம் வண்டியை நிறுத்தி உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது பகுதியில் நோலா ஃபிளாஸ்க்கோடு வந்து பக்கத்துக் கதவைத் திறந்தாள். “தள்ளு. உன் வண்டியில நாய் நாத்தம் கூட இல்ல, மனுஷன் நாத்தமும் இல்ல. எப்படித்தான் இருக்கியோ!” என்றாள். டீயைக் குடித்துவிட்டு நடுவரைத் திட்டினோம். நம்மவர்கள் நாற்பது புள்ளி வித்தியாசத்தில் தோற்றார்கள்.

நல்ல நாள்.

மே 28, வெள்ளி

மழை. இருபத்திரண்டு மில்லிமீட்டர். கூரை முழுக்கச் சத்தம்.

ஜூலை 11, ஞாயிறு

காலையிலேயே நோலாவின் போன். “வந்து பாரு” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

மணல் வயல் மறுபடியும் மஞ்சள். ஆறு இடத்தில் தோண்டி, வேரைத் தண்ணீரில் அலசிப் பார்த்தேன். முடிச்சு ஒன்றுகூட இல்லை. இளஞ்சிவப்பாகக் கொத்துக் கொத்தாக இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வேர், கழுவி வைத்த நூல் மாதிரி. வேலிக்கு அந்தப் பக்கம் சாலையோரத்தில் யாரும் விதைக்காத குளோவர் மட்டும் பச்சையாக நிற்கிறது.

“விடியறதுக்கு முன்னாடி கலந்தேன். ஈரச் சாக்கு போட்டு மூடினேன். சூரியன் வரதுக்குள்ள விதை மண்ணுக்குள்ள போயிடுச்சு. இன்னும் என்னதான் பண்ணணும், சொல்லுங்க?” ஷேன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டான்.

நோலா குறுக்கே விழுந்தாள். “உங்கப்பா இதே விதையைக் கோணிப்பையில கொட்டி, வாயில சிகரெட்டோட விதைச்சாரு. முளைச்சதா இல்லையா? சில பேர் கை அப்படி. உன் கை இப்படி.”

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். “மண்ணைக் கொண்டுபோய்ப் பார்க்கிறேன்” என்றேன். அது பதிலா? இரண்டு வருடம், ஒரே வயல், அவ்வளவு ஜாக்கிரதை. இதில் வெயில் எங்கிருந்து வந்தது?

ஜூலை 14, புதன்

ஷேன் போய்விட்டான். கல்கூர்லி பக்கம் தங்கச் சுரங்கம், லாரி ஓட்டுகிற வேலை. நோலா போனில் சொன்னாள். “துணி ரெண்டு பை. அப்புறம் அந்த நீலப் பெட்டி, வழியில பீர் வச்சுக்கவாம். போறேன்னு கூடச் சொல்லல கெல். நாயைத் தடவிக் கொடுத்துட்டுப் போயிட்டான்.” போனை வைத்த பிறகுதான் நான் பேசியிருக்க வேண்டும் என்று தோன்றியது.

ஜூலை 15, வியாழன்

முப்பது குளோவர் விதையைச் சுத்தம் செய்து முளைக்க வைத்திருக்கிறேன். வேர் விட்டதும் கண்ணாடிச் சில்லில் கிடத்தி, பதினைந்து நாற்றுக்கு எங்கள் ‘பதினேழு’ ரகத்தில் ஒரு சொட்டு. மற்ற பதினைந்துக்கு, நோலாவின் வேலியோரத்தில் பிடுங்கி வந்த குளோவர் வேரிலிருந்த காட்டு ரகம்; அது சோம்பேறி ரகம், பதினேழு அளவுக்கு ஊட்டாது, ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க ஆகும். எந்தச் சில்லு எது என்று எனக்கே தெரியாதபடி எண்ணை டேப் ஒட்டி மறைத்துவிட்டேன். மனிதன் தான் பார்க்க விரும்புவதைத்தான் பார்ப்பான், அதிலும் நான்.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் சுற்றிப் பார்க்க வரும்போதெல்லாம் இதைச் சொல்லியிருக்கிறேன். பாக்டீரியா வேருக்குள் தானாக நுழைந்துவிடாது. முதலில் வேர் கூப்பிட வேண்டும். குளோவர் வேர் ஒரு பொருளை மண்ணில் துளித்துளியாகக் கசியவிடும். ரைசோபியம் அதை உணர்ந்ததும் தன் பதிலைச் செய்யும்: நாலைந்து சர்க்கரைக் கண்ணி கோத்து, ஒரு முனையில் கொழுப்பு வால் ஒட்டியது. அந்த வால் சரியாக இருந்தால்தான் குளோவருக்கு அடையாளம் தெரியும். பட்டாணிக்கு வேறு வால், அவரைக்கு வேறு. பதில் சரியென்றால் வேரின் மெல்லிய தூவி முனையில் வளைந்து, ஆடு மேய்ப்பவன் கோல் மாதிரி, பாக்டீரியாவை வளைத்துப் பிடித்துக்கொள்ளும். முடிச்சு கட்டுவதெல்லாம் அதற்கப்புறம்தான்.

சில்லில் வேண்டியது ஒன்றுதான். தூவி வளைகிறதா, இல்லையா.

ஜூலை 19, திங்கள்

முப்பதையும் பார்த்துவிட்டு டேப்பைப் பிரித்தேன். காட்டு ரகம் பதினைந்திலும் வளைந்திருக்கிறது. பதினேழு போட்ட பதினைந்திலும் தூவி நேராக. ஊசி மாதிரி நேராக.

உயிரோடுதான் இருக்கிறது. தட்டில் வெள்ளையாக, பளபளப்பாக, எப்போதும் போல வழவழவென்று பெருகுகிறது. வேர் கூப்பிடுகிறது, இது சும்மா இருக்கிறது.

தெரியும். ஏன் என்று எனக்குத் தெரியும்.

91 பிப்ரவரி. டார்லீன் என்னை விட்டுப் பன்பரிக்குப் போன வாரம். இங்கே நடுக்கோடை, நாற்பத்து மூன்று டிகிரி வெயில். ஒன்பது நாள் நான் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை, நிலையத்துக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். பத்தாம் நாள் வந்து பார்த்தால் வளர்ப்பறையின் குளிர்ப்பெட்டி நின்றுபோயிருந்தது, அறை அடுப்பாக இருந்தது. பதில் செய்யும் மரபணுக்கள் பாக்டீரியாவுக்குள் தனியாக ஒரு வளையத்தில் இருக்கும். உயிர் வாழ அது தேவையில்லை. சூட்டில் அந்த வளையம் கழன்று போகும், இது படித்தவன் எவனுக்கும் தெரியும். அதனால்தான் புதுக் குப்பி செய்யும் ஒவ்வொரு முறையும் செடியில் ஏற்றிப் பார்த்து, முடிச்சு கட்டுகிறதா என்று சோதித்த பிறகே அசல் குப்பிகளை மூடி முத்திரை வைக்க வேண்டும்.

சோதனைக்கு வைத்த நாற்பது தொட்டியும் கண்ணாடி வீட்டில் தண்ணீரில்லாமல் கருகிக் கிடந்தது. நான்தானே ஊற்ற வேண்டியவன்! மறுபடி வைக்க ஆறு வாரம் ஆகும். பழைய குப்பிகள் தீர்ந்துவிட்டன. தொட்டிகளைக் கொட்டிக் கழுவி அடுக்கினேன். பதிவேட்டில் ‘செடிச் சோதனை’ என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டேன். புதுக் குப்பி நாற்பதும் அந்தச் சூட்டில் கிடந்த தட்டிலிருந்தே செய்தேன். ஒரே ஒரு டிக். மத்த பண்ணை எல்லாத்துலயும் மண்ணுல ஏற்கனவே ஏதோ ஒண்ணு இருந்துச்சு, அதனால எவனுக்கும் தெரியல. நோலாவோட புது மணலுக்குத்தான் என் பாக்கெட்டைத் தவிர வேற கதியில்ல. அய்யோ, அந்தப் பையன் அதை மடியில வச்சுக்கிட்டுப் போனானே.

ஜூலை 22, வியாழன்

குப்பிகள் பத்தைத் திறந்து சோதித்தேன். பத்தும் ஊமை.

ஜூலை 24, சனி

மைதானம். போகாமல் இருந்திருக்கலாம். வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடிக்கும்.

நோலா வந்து உட்கார்ந்து டீ ஊற்றினாள். “பத்து நாளாச்சு, ஒரு போன் இல்ல. நான்தான் அதிகமா பேசிட்டேனோ? அவங்கப்பாவைக் கொண்டுவந்து நடுவுல வச்சிருக்கக்கூடாது. ஆனா வயலு மஞ்சளாத்தானே நிக்குது கெல், அதுக்கு நான் என்ன பண்ண?” என்றாள்.

வாய் வரைக்கும் வந்தது. நோலா, அது நான். மூன்றே வார்த்தை. அதற்குள் ஏதோ கோல் விழுந்து எல்லா வண்டியும் ஹாரன் அடித்தது, நானும் அடித்தேன். சொல்லியிருந்தால் அவள் கதவைத் திறந்து இறங்கியிருப்பாள். இந்த ஊரில் அந்தக் கதவைத் திறக்கிற ஆள் அவள் ஒருத்திதான். அதை இழக்கப் பயந்து ஒரு தாயையும் மகனையும் பிரித்து வைத்திருக்கிறேன். எழுதிப் பார்த்தால் எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது.

அவள் கொடுத்த டீயைக் கடைசி சொட்டு வரை குடித்தேன்.

ஆகஸ்ட் 3, செவ்வாய்

பாடம் எதுவும் எடுக்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பாக்டீரியா பாக்டீரியா, மனிதன் மனிதன். இருந்தாலும் அந்த ஒன்பது நாள் வெயிலில் மூடிய அறைக்குள் கிடந்தது அது மட்டுமில்லை. நானும் அதற்கப்புறம் சாப்பிடுகிறேன், சவரம் செய்கிறேன், வேலைக்கு வருகிறேன். யாராவது கூப்பிட்டால்?

அடுத்த வாரம் பெர்த்திலிருந்து ஹெதர் வருகிறாள். எனக்கு மேலதிகாரி, என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள்.

ஆகஸ்ட் 10, செவ்வாய்

சொல்லிவிட்டேன். பதிவேட்டை விரித்து அந்தக் கட்டத்தில் விரலை வைத்தேன். “இந்த டிக் பொய்” என்றேன். மற்றதெல்லாம் அதற்கப்புறம் தானாக வந்தது.

ஹெதர் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். “நீங்களா சொல்லலன்னா எனக்கு இது தெரிய வந்திருக்குமா?”

“வந்திருக்காது.”

“அதான் கெல்வின், இன்னும் கஷ்டமா இருக்கு. இந்தப் பதிவேட்டுல உங்க கையெழுத்துல இன்னும் எத்தனை டிக் இருக்கு! இனிமே நான் எதை நம்பறது?”

மற்றதெல்லாம் உண்மை என்றேன். தலையாட்டினாள், நம்பினாளா தெரியவில்லை. வளர்ப்பறைச் சாவியைக் கேட்டாள். வளையத்திலிருந்து கழற்றவே வரவில்லை, நகம் உடைந்தது. முப்பத்துநாலு பண்ணைக்கும் கடிதம் போகும். டிசம்பர் வரை தொட்டி கழுவலாம், அப்புறம் பார்க்கலாம் என்றாள். ஒன்றே ஒன்று கேட்டேன்: கடிதம் போவதற்கு முன் நோலாவிடம் நானே சொல்ல வேண்டும்.

“ஒரு நாள் தரேன்” என்றாள்.

ஆகஸ்ட் 11, புதன்

நோலா பட்டியில் ஆடுகளுக்குப் பூச்சி மருந்து புகட்டிக்கொண்டிருந்தாள். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று சொன்னேன். அவள் நிறுத்தவில்லை. ஒரு ஆட்டின் தாடையைப் பிடித்துத் தூக்குவாள், குழாயை வாயில் விடுவாள், தள்ளுவாள், அடுத்தது. பிப்ரவரி, வெயில், குப்பி, டிக் எல்லாம் சொல்லி முடிக்கிற வரைக்கும் அப்படியே. நான் முடித்த பிறகு இன்னும் மூன்று ஆடு. அப்புறம்தான் நிமிர்ந்தாள்.

“எத்தன நாளா தெரியும் உனக்கு?”

“இருபத்து மூணு நாளா.”

கணக்குப் போட்டாள், கண் மேலே போனது. “அந்தச் சனிக்கிழமை, என் ஃபிளாஸ்க்ல டீ குடிச்சியே. அன்னிக்கு?”

“தெரியும்.”

“நான் உக்காந்து, நான்தான் அதிகமா பேசிட்டேனோன்னு கேட்டுட்டிருந்தேன்.”

“ஆமா.”

கத்துவாள் என்று நினைத்துப் போயிருந்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “போ” என்றாள். வண்டி வரை நடந்தேன். பின்னால் மறுபடி ஆடு மருந்தைக் கக்குகிற சத்தம்.

ஆகஸ்ட் 14, சனி

மைதானத்துக்குப் போகவில்லை. இங்கிருந்தே ஹாரன் கேட்கிறது.

ஆகஸ்ட் 20, வெள்ளி

கடிதம் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. வீட்டிலிருந்து நிலையம் பதினாலு கிலோமீட்டர். எதிரே எட்டு வண்டி. விரல் ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 22, ஞாயிறு

ஷேனுக்குக் கடிதம். முதல் தாளில் வெப்பநிலை, வளையம், மரபணு என்று ஒரு பக்கம் எழுதிக் கிழித்தேன். இரண்டாவதில் டார்லீன் வந்துவிட்டாள், அதையும் கிழித்தேன். அவன் என்ன செய்வான் அதை வைத்துக்கொண்டு? நாலாவது தாளில்:

‘ஷேன், தப்பு உன் கையில் இல்லை. நான் கொடுத்த பாக்கெட்டில் வேலை செய்கிற பாக்டீரியா இல்லை. இரண்டு வருடமும் இல்லை. சோதிக்காமலே சோதித்ததாக எழுதினேன். நீ செய்ததெல்லாம் சரி. உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். கெல்வின்.’

சுரங்கத்தின் பெயர் மட்டும்தான் தெரியும், முகவரி தெரியாது. அப்படியே போட்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 30, திங்கள்

ஹெதர் வந்திருந்தாள். அசல் பதினேழு வேறு எந்த நிலையத்திலும் இல்லை. வேறு ரகம் தரலாம்தான், ஆனால் நம்முடைய அமிலம் ஏறிய மணலில் பதினேழு அளவுக்கு எதுவும் நிற்காது. அதற்காகத்தான் அதை இருபது வருடம் வளர்த்தோம்.

“எங்கயாவது மண்ணுல உயிரோட இருக்குமா?” என்று கேட்டாள்.

இருக்கும். ஒரே ஒரு இடம். 76-ல் முதல் சோதனை ஆர்த்தரின் மலையடி வயலில் போட்டோம். சுற்றிலும் காடு, அதற்கு முன்பும் பின்பும் வேறு எந்த ரகமும் போகவில்லை. பதினேழு வருடமாக அங்கே குளோவர் தானே உதிர்ந்து தானே முளைக்கிறது. வேர் கூப்பிட, இது பதில் சொல்ல, வருடா வருடம் அது நடந்துகொண்டே இருக்கும் இடத்தில் மறதி வராது. வளையம் இழந்தது எதுவும் அந்த வேருக்குள் போயிருக்க முடியாது. என் குளிர்ப்பெட்டியில் இத்தனை சொகுசில் தொலைந்தது அங்கே ஆட்டுக் காலடியில் பத்திரமாக இருக்கிறது.

“நோலாவோட வயலா?” என்றாள் ஹெதர்.

“ஆமா.”

“யார் கேக்கறது?”

நான் அடுத்த தொட்டியை எடுத்துக் கழுவினேன்.

செப்டம்பர் 6, திங்கள்

நோலாவின் தபால் பெட்டியில் சீட்டு வைத்தேன். மலையடி வயலில் குளோவர் வேர் நாலு கொத்து வேண்டும், அடுத்த வருட பாக்கெட்டுக்கு. நான் வர வேண்டாமென்றால் ஹெதர் வருவாள். இவ்வளவுதான் எழுதினேன். மன்னிப்பு என்ற வார்த்தையை எழுதி அடித்துவிட்டேன். ஒன்றைக் கேட்கும்போது அதையும் சேர்த்துக் கேட்பது பேரம் மாதிரி இருந்தது.

செப்டம்பர் 11, சனி

பதில் இல்லை. மழைக்காலம் முடிகிறது, இன்னும் மூன்று வாரத்தில் குளோவர் காய்ந்துவிடும், முடிச்சும் அழுகிவிடும்.

செப்டம்பர் 13, திங்கள்

பதில் இல்லை. தொட்டி இருநூற்றுப் பத்து கழுவினேன்.

செப்டம்பர் 16, வியாழன்

காலை ஏழரைக்கு வந்தேன். கண்ணாடி வீட்டின் படியில், வெயில் எட்டாத தெற்குச் சுவரோரம், ஒரு நீலப் பெட்டி. மூடியில் வைக்கோல் கயிறு.

கொஞ்ச நேரம் அதைத் தொடவில்லை. கல்கூர்லிக்குப் போன பெட்டி.

கயிற்றை அவிழ்த்தேன். உள்ளே நனைத்த சாக்கு. அதற்குள் குளோவர், நாலு கொத்து கேட்டிருந்தேன், பன்னிரண்டு இருந்தது. ஒவ்வொன்றையும் மண்கட்டியோடு ஆழமாக வெட்டி எடுத்து, ஒரு வேர்கூட அறுபடாமல், ஈரத் துணியில் தனித்தனியாகச் சுற்றியிருந்தது. இருபது வருடத்தில் இவ்வளவு சரியாக எவரும் எனக்கு மாதிரி கொண்டுவந்ததில்லை. சீட்டு எதுவும் இல்லை, தேடினேன்.

ஒரு கொத்தை அலசினேன். வேர் முழுக்க முடிச்சு. நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு.

படியிலேயே உட்கார்ந்து அழுதேன். எழுதி வைக்கிறேன், பரவாயில்லை.

செப்டம்பர் 24, வெள்ளி

ஹெதர் பெர்த்தில் ரகத்தை அடையாளம் காட்டும் சீரம் வைத்துப் பார்த்துவிட்டாள், பதினேழேதான். இன்று சில்லுகளோடு வந்தாள். நான் வளர்ப்பறைக்குள் போகக்கூடாது, அதனால் மைக்ராஸ்கோப்பைத் தொட்டி கழுவுகிற கொட்டகைக்கே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். “நீங்களே முதல்ல பாருங்க” என்றாள்.

வளைந்திருந்தது. எல்லாமே. தூவி ஒவ்வொன்றும் நுனியில் மடங்கி, உள்ளே ஒரு புள்ளியைப் பிடித்துக்கொண்டு.

செடிச் சோதனைக்குத் தொட்டி நாற்பது வைத்திருக்கிறாள். தண்ணீர் ஊற்றுகிற பொறுப்பு மட்டும் எனக்கு. பாக்டீரியா போடாத தொட்டிகளுக்கு முதலில், பிறகு கையைக் கழுவிக்கொண்டு மற்றவற்றுக்கு. பதிவேட்டில் டிக் அவள்தான் போடுவாள்.

செப்டம்பர் 26, ஞாயிறு

பெட்டியைக் கழுவி, மூடிக்குப் புதுக் கீல் போட்டேன். கயிற்றைச் சுருட்டி உள்ளே வைத்தேன், அவனுக்கு வேண்டியிருக்கலாம். நோலா வீட்டுக்குக் கொண்டுபோகக் கிளம்பி, பாதி வழியில் இரண்டு தடவை வண்டியை நிறுத்தினேன்.

மூன்றாவது தடவை நிறுத்துவதற்குள் எதிரே புழுதி. அவர்கள் வண்டி, ஊருக்குள் போகிறது. ஷேன் ஓட்டினான். நோலா பக்கத்தில் உட்கார்ந்து நேரே சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை மடியிலேயே இருந்தது. இருக்கட்டும், அது அவள் உரிமை.

ஷேன் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கினான்.

நான் தூக்குவதற்குள் கடந்து போய்விட்டார்கள். ஆனாலும் தூக்கினேன். அவர்கள் புழுதி அடங்குகிற வரை இறக்கவில்லை.

பெட்டியை அவர்கள் வாசலில் நிழலாக ஒரு இடம் பார்த்து வைத்துவிட்டு வந்தேன்.